மணலில் சரிந்த வண்டி: சாயல்குடி – ஏர்வாடி சாலையில் ஒரு டயர் மாற்றம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் இடையே, பொழுது சாயும் நேரத்தில் ஏழு இருக்கை வாடகை வண்டி ஒன்று ஜாக்கியிலிருந்து சரிந்து விழுந்தது. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்த குடும்பம். ஓட்டுநரையும் சேர்த்து ஏழு பேர். யாருக்கும் அடி இல்லை. மறுநாள் காலை அந்த வண்டி ராமநாதபுரத்தில் எங்கள் டயர் பட்டறைக்கு வந்தது. ஓட்டுநர் சொன்னதையும் குடும்பத்தார் சொன்னதையும் கழற்றிய சாமான்களில் பார்த்ததையும் சேர்த்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியை விட்டு இறங்கியதும் ஓட்டுநர் சொன்னது, "மணலுதாண்ணே கவுத்திருச்சு." மணலுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மணல் மட்டும் இருந்திருந்தால் அந்த வண்டி விழுந்திருக்காது.

வண்டியைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டீசல் வண்டி, பின்சக்கரம் இழுக்கும் வகை. நான்கு சக்கரமும் அலாய், ஸ்டெப்னிக்கு மட்டும் இரும்பு ரிம். டயர் அளவு ஐந்துக்கும் ஒன்றுதான். ஸ்டெப்னி டிக்கிக்குள் கிடையாது. வண்டியின் அடியில், பின்பக்கம், ஒரு சங்கிலியில் தொங்கும். பம்பருக்கு மேலே இருக்கும் துளைக்குள் கம்பியை விட்டுச் சுற்றினால் சங்கிலி இறங்கி ஸ்டெப்னி தரைக்கு வரும். திருச்செந்தூர், தூத்துக்குடி, ஏர்வாடி, ராமேஸ்வரம் என்று ஆண்டு முழுக்கக் கடலோரமாகவே ஓடுகிற வண்டி. இது முக்கியம்.

முள்

பஞ்சரானது பின் இடது டயர். அதை ரிம்மிலிருந்து பிரித்துத் தலைகீழாகப் பிடித்தபோது உள்ளேயிருந்து கறுப்பாக ரப்பர் தூள் கொட்டியது. டீத்தூள் மாதிரி, ஒரு கை நிறைய. காற்றில்லாமல் ஓடிய டயரின் அடையாளம் அதுதான். சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், இரண்டாக மடங்கி, உள்பக்கம் ஒன்றோடொன்று உரசி, ரப்பர் தூளாகி, நூல் வெளியே தெரியும். வெளியே பார்த்தால் சின்னதாக ஒரு வளையக் கோடு மட்டும்தான் இருக்கும். அதனால்தான் "டயர் நல்லாத்தான இருக்கு, ஒரு ஒட்டுப் போட்டுக் குடுங்க" என்று பலரும் கேட்கிறார்கள். சாலையைத் தொடும் பட்டன் இருக்கும் நடுப்பகுதியில் விழுந்த ஓட்டையை அடைக்கலாம். சைடுவால் போனால் போனதுதான்.

காரணம் ஒரு சீமைக்கருவேல முள். பட்டனுக்கு நடுவே நேராக இறங்கி, நுனி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் உடனே காற்றுப் போகாது, முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்கும். காற்று கசிய ஒரு நாள் ஆகலாம், நான்கு நாளும் ஆகலாம். எங்கள் மாவட்டத்தில் கரிமூட்டத்துக்குக் கருவேல விறகு ஏற்றிப்போகும் வண்டிகள் சாலையோரம் சிந்திவிட்டுப் போகும் கிளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எதிரே பேருந்து வந்தால் நாம் இடதுபக்கமாக ஒதுங்குகிறோம். முள் கிடப்பதும் அங்கேதான். எங்களிடம் வரும் பஞ்சர்களில் இடது சக்கரங்கள் அதிகமாக இருப்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது.

தூத்துக்குடியில் கிளம்பும் முன் காற்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான்கில் ஒன்று மட்டும் குறைந்திருப்பது தெரிந்திருக்கும், முள்ளைப் பிடுங்கி அடைக்கப் பத்து நிமிடம் போதும். ஆறு பேரும் அவர்களுடைய பெட்டிகளும் ஏறிய பிறகு, குறைந்த காற்றில், நெடுஞ்சாலை வேகத்தில் சைடுவால் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறியிருக்கிறது. சாயல்குடி தாண்டியதும் பின்னால் ஏதோ தட்டுகிற மாதிரி சத்தம் வருகிறது என்று முதலில் சொன்னவர் குடும்பத்தின் மூத்த அம்மாதான். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் முன்னால் கேட்கவில்லை.

நிறுத்திய இடம்

டயர் போய்விட்டது என்று தெரிந்ததும் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்காமல், காலை எடுத்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு இடதுபக்கம் ஒதுக்கியிருக்கிறார். பின் டயர் போன வண்டியில் பிரேக்கை அழுத்தினால் வால் சுழலும். இதைச் சரியாகச் செய்தார். தார்ச்சாலையை விட்டு முழுசாக இறக்கியதும் சரிதான், லாரிகள் உரசிக்கொண்டு போகிற சாலை அது.

ஆனால் இறக்கிய இடம் பொலபொலவென்ற மணல். இன்னும் கொஞ்ச தூரம் உருட்டியிருந்தால் கெட்டித் தரையுள்ள ஒரு விலக்கு வந்திருக்கும். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "டயர் கெட்டுருமேண்ணே" என்றார். அந்த டயர் அதற்குள் செத்திருந்தது. செத்த டயரைக் காப்பாற்றப் போய் நிற்கக் கூடாத இடத்தில் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். நடக்கிற வேகத்தில் உருட்டிக்கொண்டு போய்க் கெட்டித் தரையில் நிறுத்துங்கள். ரிம் கொஞ்சம் அடிபட்டாலும் பரவாயில்லை. பாம்பன் சாலைப் பாலத்துக்கு இது இன்னும் பொருந்தும். 1988-இல் திறந்த பாலம், நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல், ஒதுங்கி நிற்க இடம் கிடையாது, பக்கவாட்டில் கடல்காற்று. அங்கே டயர் போனால் டபுள் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு, ஊர்ந்தாவது பாலத்தைக் கடந்துவிட வேண்டும். நடுப்பாலத்தில் ஜாக்கி போடுகிற யோசனையே கூடாது.

டபுள் இண்டிகேட்டர் எரிந்தது. எச்சரிக்கை முக்கோணம் டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கும். முக்கோணத்தை 50 மீட்டரில் வைத்தால், பார்த்து முடிவெடுக்க ஓட்டுநருக்கு இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த மாதிரி திறந்த சாலையில், மாலை நேரத்தில், நான் 100 மீட்டராவது பின்னால் வைக்கச் சொல்வேன். குடும்பத்தில் சிலர் வண்டிக்கு நேர் பின்னால் நின்று போனில் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து இடித்தால் முதலில் அவர்கள்தான். நிற்க வேண்டிய இடம் சாலையை விட்டு விலகி, உள்பக்கம். முள் குத்தினாலும் சரி.

வண்டி ஏறியதும் விழுந்ததும்

இனி வரிசையைக் கவனியுங்கள். ஓட்டுநர் வண்டியை முதல் கியரில் போட்டார், ஹேண்ட் பிரேக் இழுத்தார், சக்கரம் தரையில் இருக்கும்போதே ஐந்து நட்டுகளையும் அரைச்சுற்று தளர்த்தினார். இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம் மணல்மேல் கால்மிதியை விரித்து, அதன்மேல் ஜாக்கியை வைத்து, வண்டியைத் தூக்கினார். முழங்கால் வலி என்று அந்த மூத்த அம்மா இறங்கவில்லை, உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் காற்றுப் போன சக்கரத்தைக் கழற்றிக் கருவேல மரத்தில் சாய்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் ஸ்டெப்னியை இறக்கப் போனார்.

கம்பியை விட்டுச் சுற்றினால் சுற்றவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். அசையவில்லை. ஒரு காலைப் பம்பரில் ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். வண்டி ஆடியது. ஜாக்கி சாய்ந்தது. பின் இடது பிரேக் டிரம் மணலில் குத்தி நின்றது.

வண்டியைத் தள்ளியது அந்த இழுப்பு. ஜாக்கி நேராக மேலே தூக்குவதற்குச் செய்தது, பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. அந்த வண்டியில் வேறு எதுவும் அதைப் பிடித்து வைக்கவும் இல்லை. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் கியர் பிடிக்காது. இரண்டு பின்சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் தொங்குகிற பக்கம் சும்மா சுற்றும். ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின்சக்கரங்களைத்தான். அதில் ஒன்று அந்தரத்தில் இருந்ததால் வண்டி முழுவதையும் பின் வலது டயர் ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது. முன் சக்கரங்களுக்கு, உருளாமல் தடுக்க, அடை வைக்கவில்லை. கல் கிடைக்காத இடம்தான், ஆனால் கருவேலக் கட்டை காலடியில் கிடந்தது. முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களில் கதை வேறு. முன்சக்கரத்தைத் தூக்கும்போது கியர் உதவாது, ஹேண்ட் பிரேக் உதவும். பின்சக்கரத்தைத் தூக்கும்போது கியர் உதவும். எந்த வண்டியானாலும் தூக்குகிற சக்கரத்துக்கு எதிர்மூலையில் இருப்பதற்கு இரண்டு பக்கமும் அடை வைத்துவிட்டால் இந்தக் கணக்கையெல்லாம் போட வேண்டியதில்லை.

கால்மிதி எதற்கும் உதவவில்லை. அந்த ஜாக்கியின் அடித்தட்டு ஓர் உள்ளங்கை அகலம். அதன்மேல் கால் டன்னுக்கு மேல் பாரம். மிதி மடங்கி ஜாக்கியோடு சேர்ந்து மணலில் இறங்கும், அவ்வளவுதான். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அங்குலக் கனத்தில் பிளைவுட் துண்டு ஒன்று டிக்கியில் கிடந்தால் கடலோரத்தில் ஜாக்கிக்குத் தரை கிடைத்த மாதிரி. தச்சுப் பட்டறையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

இன்னொன்று. கழற்றிய சக்கரத்தை மரத்தில் சாய்க்காமல் வண்டியின் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்திருந்தால், சரிந்த வண்டி அதன்மேல் உட்கார்ந்திருக்கும். டிரம் தரையைத் தொட்டிருக்காது. அந்த நேரத்தில் யாராவது உள்ளே கையை விட்டிருந்தாலும் கை போயிருக்காது.

துருப்பிடித்த சங்கிலி

ஸ்டெப்னிச் சங்கிலியை ஏற்றி இறக்கும் அந்த வின்ச்சைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தோம். சுற்றும் கம்பி நுழைகிற குழிக்குள் மணலும் உப்பும் கலந்து கெட்டியாகியிருந்தது. சங்கிலிக் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கடுக்காகத் துரு பெயர்ந்தது. வண்டி வாங்கிய பிறகு ஒருமுறைகூட ஸ்டெப்னியை இறக்கியதில்லை என்று ஓட்டுநர் ஒத்துக்கொண்டார். உப்புக் காற்று ஒரு பக்கம், தனுஷ்கோடி சாலையில் ஏறும் ஈர மணல் ஒரு பக்கம், மீன் வண்டிகள் சாலை நெடுக ஒழுகவிட்டுப் போகும் ஐஸ் தண்ணீர் இன்னொரு பக்கம். எல்லாம் கடைசியில் போய்ச் சேருவது வண்டியின் அடியில்தான். அங்கேதான் ஸ்டெப்னி தொங்குகிறது.

ஆகவே முதல் காரணம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், மணலைச் சொல்ல மாட்டேன், இந்தச் சங்கிலியைச் சொல்வேன். அடுத்தது வரிசை. ஸ்டெப்னியை முதலில் இறக்கித் தரையில் போட்டுவிட்டு, பிறகு ஜாக்கியைத் தொட்டிருந்தால், வின்ச் மக்கர் செய்வது நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே தெரிந்திருக்கும். எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்திருக்கலாம். டிக்கிக்குள் ஸ்டெப்னி இருக்கும் வண்டிக்கும் இதேதான். பெட்டிகளை இறக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்து, ஒரு முறை அழுத்திப் பார்த்துக் காற்று இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்றால் சக்கரத்தைக் கழற்றி என்ன செய்யப்போகிறோம்?

மீன் வண்டிக்காரர் செய்தது

அந்த வழியாக வந்த மீன் வண்டி ஒன்று நின்றது. ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், கூட ஒரு பையன். அவர் இறங்கியதும் முதலில் சொன்னதைக் குடும்பத்தார் எல்லோரும் ஒரே மாதிரி நினைவு வைத்திருந்தார்கள். "முதல்ல ஆத்தாவ எறக்குங்க தம்பி. அப்புறம் வண்டியப் பாப்போம்."

அவர் செய்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். மீன் பெட்டிக்கு அடியில் போடும் பலகை இரண்டை எடுத்துவந்தார். டிரம்முக்குப் பக்கத்தில் கையால் மணலைத் தோண்டி, பலகையைப் போட்டு, தன்னுடைய பாட்டில் ஜாக்கியை அச்சுக்கு அடியில் நுழைத்தார். பையன் முன் வலது சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தான். வண்டி கொஞ்சம் ஏறியதும் காற்றுப் போன சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். போதுமான உயரம் வந்ததும் அந்தச் சக்கரத்தை இழுத்து, அதையே திரும்ப மாட்டி, நட்டுகளைப் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கிவிட்டார். சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை. பஞ்சர் டயரை எதற்கு மறுபடி மாட்டுகிறார்? வண்டி நான்கு காலில் நின்ற பிறகு, வின்ச் குழியில் கொஞ்சம் டீசல் விட்டு, கம்பியை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிச் சங்கிலியை இளக்கினார். ஸ்டெப்னி தரைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டாவது தடவை ஜாக்கி.

நேரம் இரண்டு மடங்கு ஆனது. ஆனால் ஜாக்கியில் நிற்கும் வண்டியை யாரும் உலுக்கவில்லை, அடியில் யாரும் தலையை நீட்டவில்லை.

காலையில் பட்டறையில்

ஏர்வாடியில் காற்று பிடித்துக்கொண்டு, கீழக்கரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு, காலையில் ராமநாதபுரம் வந்தார்கள். ஸ்டெப்னி சக்கரத்தில் ஸ்பேனர் வைத்ததும் ஐந்து நட்டுகளில் இரண்டு எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றின. ஓட்டுநரின் முகம் மாறிவிட்டது. "நல்லா ஏறி மிதிச்சுத்தாண்ணே முறுக்குனேன்."

ஏறி மிதித்தது உண்மைதான். அந்த இரும்பு ரிம்மின் உள்முகத்தில், சக்கரத்தை மாட்டும் ஹப்பில் ஒட்டும் இடத்தில், துரு செதில் செதிலாக இருந்தது. நட்டை முறுக்கும்போது ரிம் துருவின்மேல்தான் உட்கார்ந்தது. ராமநாதபுரம் வந்து சேர்வதற்குள் துரு நொறுங்கி, இடைவெளி விழுந்து, நட்டு தளர்ந்துவிட்டது. மாட்டுவதற்கு முன் கம்பி பிரஷ்ஷாலோ, ஒன்றும் இல்லையென்றால் ஒரு கல்லாலோ அந்த முகத்தைத் தேய்த்துவிட வேண்டும். நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று, நட்சத்திரம் போடுகிற வரிசையில் முறுக்க வேண்டும். அந்தரத்தில் கைப்பிடி அளவுக்கு, தரையில் இறக்கிய பிறகு முழு அளவுக்கு. 50 முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒருமுறை. இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை.

ஏறி மிதிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்களுக்குப் பொதுவாக 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கச் சொல்வார்கள், சரியான எண் அவரவர் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ பாரம் கொடுத்தாலே அந்த அளவு வந்துவிடும். 75 கிலோ ஆள் ஏறி நின்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த வண்டியில், நட்டு ஏறும் ஸ்டட் ஒன்றின் மரை அப்படித்தான் இழுபட்டிருந்தது. துருவுக்குப் பயந்து மரையில் கிரீஸ் தடவுகிறவர்களும் உண்டு. வேண்டாம். வழுக்கல் கூடினால் அதே பலத்தில் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

அந்த ஸ்டெப்னி டயரின் பக்கத்தில் 2114 என்று அச்சு இருந்தது. 2014-ஆம் ஆண்டின் 21-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் சைடுவாலில் மயிரிழை வெடிப்புகள். ஓடாவிட்டாலும் ரப்பர் வயதாகும். பத்து ஆண்டுக்கு மேல் எந்த டயரையும், ஸ்டெப்னியானாலும், வைத்திருக்கக் கூடாது என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன.

இப்போது வருகிற கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னி சின்னதாக இருக்கிறது. மேலே 80 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்று சொல்கிறது. ரொம்பவும் ஒல்லியான தற்காலிக டயர் என்றால் காற்றும் 60 பிஎஸ்ஐ அளவுக்கு வேண்டும், வழக்கமான 33 போதாது. அதைப் போட்டுக்கொண்டு அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் போகலாம், ஊர் சுற்றக் கூடாது. 2020-இல் விதி மாறியதிலிருந்து, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் அடைக்கும் கிட்டும் கொடுத்தால் டியூப்லெஸ் டயர் உள்ள காரை ஸ்டெப்னி இல்லாமலே விற்கலாம். நகரத்துக்கு அது சரி. இந்த வண்டிக்கு வந்த மாதிரி சைடுவால் கிழிந்தால் கிட் அடைக்காது. முகுந்தராயர் சத்திரம் தாண்டி, தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனைக்குப் போகிற சாலையில் பஞ்சர் கடையும் கிடையாது. ஆள் கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால் கூப்பிட வேண்டிய எண் 112, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033.

பின்னால் இரண்டு டயரும் புதிதாகப் போட்டோம். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுற்றாது, அதனால் ஜோடியாக. நல்ல நிலையில் இருந்த பழைய பின் வலது டயரை ஸ்டெப்னி ரிம்மில் ஏற்றினோம். வின்ச் புதுசு, ஸ்டட் ஒன்று புதுசு, நான்கு ஹப்பையும் தேய்த்துச் சுத்தம் செய்தோம். முதலாளிக்குப் போன் போட்டு ஓட்டுநர் தொகையைச் சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தம் கேட்டது. வின்ச்சை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பிறகு பார்ப்பதென்றால் ஸ்டெப்னியை டிக்கியில் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள், பெட்டிகளை மடியில் வைத்துக்கொள்ளட்டும் என்றேன். வின்ச்சையும் மாட்டச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டெப்னியை இறக்கி, சங்கிலிக்கு கிரீஸ் வைத்து, காற்றை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் பிடித்து ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.